உல்லன் தோரணம் பின்னுகிறீர்களா? கையையும் கொஞ்சம் கவனியுங்கள்!

உங்கள் வீட்டு நிலைவாசலில் உல்லன் தோரணம் தொங்குகிறதா? ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால் பச்சை உல்லன் கிளி ஒன்று உட்கார்ந்திருக்கிறதா? டீப்பாய் மேல் வட்டமாக ஒரு குரோஷா விரிப்பு? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

ஒரு காலத்தில் டி.வி. பெட்டியின் தலையில் ஒரு விரிப்பு, ரேடியோவுக்கு ஓர் உறை, டெலிபோனுக்கு அடியில் ஒன்று, அதை மூட இன்னொன்று என்று வீடு முழுக்கப் பின்னல் வேலைதான். இப்போது டி.வி. சுவரோடு ஒட்டிக்கொண்டது. அதன் தலையில் விரிப்புப் போட இடமில்லை. டெலிபோன் சட்டைப் பைக்குள் போய்விட்டது. ஆனால் நூலும் ஊசியும் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. இதை நான் என் கிளினிக்கில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்கிறேன். டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருக்கும்போது கைப்பையைத் திறந்து குரோஷா ஊசியை எடுக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். "யூ டியூப் பாத்து நானா கத்துக்கிட்டேன் டாக்டரம்மா" என்று காலேஜ் பெண்களும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

'சித்த வைத்தியம் பார்க்கிற அம்மாவுக்கும் உல்லன் நூலுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில், பரீட்சை லீவில் ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து நானும் டஜன் கணக்கில் உல்லன் ரோஜா செய்தவள்தான். அது மட்டுமல்ல. பிற்பாடு ஒரு நோயாளிக்கு இந்தப் பின்னல் வேலையை மருந்தாகவே சொல்லியிருக்கிறேன். சொன்னதில் ஒரு தப்பும் செய்திருக்கிறேன். அந்தத் தப்பைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அளவு சொல்லாமல் கொடுத்த மருந்து

அந்த அம்மாவுக்கு அப்போது 62 வயது. கணவர் தவறி எட்டு மாதம் ஆகியிருந்தது. மகன் குடும்பத்தோடு வெளியூரில். தூக்கம் இல்லை, பசி இல்லை, நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்த மாதிரி பாரம். இதய டாக்டரிடம் போய் எல்லா டெஸ்டும் எடுத்து, 'ஒன்றுமில்லை' என்ற சீட்டோடு என்னிடம் வந்தார்.

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். பிறகு பேச்சுக் கொடுத்தேன். "சின்ன வயசுல என்னம்மா செய்யப் பிடிக்கும் உங்களுக்கு?" என்று கேட்டதும் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம். "பள்ளிக்கூடத்துல தையல் பீரியட்ல குரோஷா சொல்லிக் குடுத்தாங்க. கல்யாணம் ஆகி வந்த புதுசுல வாசல் தோரணமெல்லாம் போட்டேன். அப்புறம் எங்க நேரம்?" என்றார்.

தூக்கத்துக்கு அமுக்கராச் சூரணம் கொடுத்தேன். கூடவே, "அந்த ஊசியைத் திரும்ப எடுங்கம்மா. தினமும் பின்னுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் ஆள் மாறிவிட்டார். சாப்பிட்டார், தூங்கினார். மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் கலந்து ஒரு தோரணம் பின்னி எனக்கே கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வீடு, எதிர்த்த வீடு, கோயில் குருக்கள் வீடு என்று தெருவுக்கே தோரணம் போனது. எனக்கு ஒரே சந்தோஷம்.

நாலாவது மாதம் வந்தவர், "ராத்திரி ரெண்டு மணிக்கு வலது கை மரத்துப் போயி முழிப்பு வந்துருது. நாலு உதறு உதறுனா சரியாயிருது" என்றார். வயது, உடம்பு வாகு, மரமரப்பு... வாதம்தான் என்று முடிவு கட்டினேன். உளுந்துத் தைலம் தடவி ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். எத்தனை மணி நேரம் பின்னுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்க்கரை பார்த்தீர்களா என்றும் கேட்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து வந்தபோது நடுவிரல் நுனியில் ஒரு கொப்புளம். சுட்ட புண். "எப்பம்மா சுட்டீங்க?" என்றேன். அவருக்கே தெரியவில்லை! மரத்துப் போன விரலுக்கு ஒத்தடத்தின் சூடு உறைக்கவில்லை. ஒத்தடம் கொடுக்கச் சொன்னது யார்? நான்தான்.

அப்புறம்தான் உட்கார வைத்துக் கணக்குக் கேட்டேன். காலையில் சமையல் முடிந்ததும் உட்காருவாராம். மதியம் சாப்பிட்டதும் மறுபடி. ராத்திரி தூக்கம் வருகிற வரைக்கும். கூட்டிப் பார்த்தால் ஏழு மணி நேரம் வந்தது. ரத்தப் பரிசோதனை செய்ததில் சர்க்கரை நோயும் இருந்தது. அதுவும் அவருக்கு அதுவரை தெரியாது.

கஷாயத்துக்கு இத்தனை அவுன்ஸ், பற்பத்துக்கு இத்தனை அரிசி எடை என்று நிறுத்துக் கொடுக்கிற நான், இந்த மருந்துக்கு மட்டும் அளவே சொல்லவில்லை.

மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான சந்து

அவருக்கு நடந்தது என்ன என்று விளங்கிக்கொண்டால் உங்கள் கையை நீங்களே காப்பாற்றிக்கொள்ளலாம்.

உள்ளங்கை தொடங்கும் இடத்தில், மணிக்கட்டின் நடுவில் ஒரு குறுகிய சந்து இருக்கிறது. அடியிலும் பக்கங்களிலும் எலும்பு, மேலே கெட்டியான ஒரு பட்டை. இதற்குள் விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. காலையில் எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டை மடக்கி வைத்து ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவை செய்தால் தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்குகிறது. சந்து பெரிதாகாது. அதனால் நசுங்குவது அந்த நரம்புதான்.

அந்த நரம்புதான் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி கொடுக்கிறது. ஆகவே மரமரப்பு இந்த மூன்றரை விரலில் இருக்கும், சுண்டுவிரலில் இருக்காது. ராத்திரியில் அதிகமாகும், உதறினால் குறையும். இந்த அடையாளங்கள் இருந்தால் பெரும்பாலும் இதுதான். இங்கிலீஷ் மருத்துவத்தில் கார்ப்பல் டன்னல் என்பார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது அதிகம். கர்ப்ப காலத்தில் வரும். தைராய்டு குறைவாகச் சுரந்தால் வரும். சர்க்கரை இருந்தால் இன்னும் சுலபமாக வரும். பின்னல் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் வருவதல்ல. சப்பாத்தி மாவு பிசைகிற கை, துணி பிழிகிற கை, கம்ப்யூட்டரில் தட்டுகிற கை எல்லாவற்றுக்கும் வரலாம். ஏற்கெனவே இவ்வளவும் செய்து களைத்த கையில்தான் நாம் ஊசியையும் கொடுக்கிறோம்.

வீட்டிலேயே ஒரு சோதனை. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்கிற மாதிரி, மார்புக்கு நேரே ஒரு நிமிடம் வைத்திருங்கள். வணக்கம் சொல்வதைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. அந்த ஒரு நிமிடத்துக்குள் முதல் மூன்று விரல்களில் ஊசி குத்துவது போல் வந்தால் டாக்டரைப் பாருங்கள். வராவிட்டால் நோயே இல்லை என்று அர்த்தமும் இல்லை. இது ஒரு குறிப்புதான்.

கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதைமேடு மற்ற கையைவிட வற்றிப் போயிருந்தாலோ, டம்ளர் கைநழுவினாலோ, பகலிலும் மரமரப்பு விடாமல் இருந்தாலோ எந்தத் தைலத்தையும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். நரம்பு டாக்டரிடம் போய் நரம்பு ஓட்டச் சோதனை செய்துகொள்ளுங்கள். சிலருக்கு ஆபரேஷன்தான் வழி. சித்த மருத்துவம் படித்த நானே இதைச் சொல்கிறேன் என்றால் நம்பலாம் இல்லையா?

சரி, எவ்வளவு நேரம் பின்னலாம்?

என் நோயாளிகளுக்கு நான் இப்போது சொல்லும் அளவு இது: ஒரு தடவைக்கு 20 நிமிடம். பிறகு எழுந்து ஐந்து நிமிடம் நடமாட்டம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு மணி, மிஞ்சிப் போனால் ஒன்றரை மணி. இது என் அனுபவத்தில் வந்த கணக்கு. கையில் ஏற்கெனவே வலி இருப்பவர்களுக்குப் பத்து நிமிடமே அதிகம்.

இடைவேளையில் செல்போனை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தால் அது ஓய்வு இல்லை. அதே கை, அதே கட்டைவிரல்!

உட்காருவதிலும் விஷயம் இருக்கிறது. கட்டிலில் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்து, மடியில் இருக்கும் நூலைக் குனிந்து பார்த்தே பின்னினால் கழுத்து பழுதாகும். நாங்கள் சகன வாதம் என்று சொல்லும் கழுத்துத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது விஷம் மாதிரி. முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்காருங்கள். மடியில் ஒரு தலையணையை வைத்து அதன் மேல் முழங்கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். வேலை மார்புக்கு அருகில் வந்துவிடும், தலை குனியாது. நூல் உருண்டை காலடியில் ஒரு பாத்திரத்தில் கிடக்கட்டும். சோபாவுக்கு அடியில் உருண்டு போய் நீங்கள் இழுத்து இழுத்துப் பின்ன வேண்டியிருக்காது.

ஊசியை எப்படிப் பிடிக்கிறீர்கள்? பேனா மாதிரி பிடிப்பவர்களும் உண்டு, காய் நறுக்கும் கத்தி மாதிரி பிடிப்பவர்களும் உண்டு. இரண்டும் சரிதான். இறுக்கிப் பிடிப்பதுதான் தப்பு. மெல்லிய ஸ்டீல் ஊசிக்கு நடுவில் பழைய பனியன் துணியைக் கிழித்துச் சுற்றி நூலால் கட்டிவிட்டால் பிடி தடிமனாகும், விரலுக்கு இதம். 50 வயதுக்கு மேல் வெள்ளை லேஸ் நூலில் நுணுக்கமாகப் போட வேண்டாம் என்பது என் கட்சி. தடித்த உல்லன், தடித்த ஊசி, பளிச்சென்ற நிறம். கண்ணுக்கும் நல்லது, கைக்கும் நல்லது, வேலையும் சீக்கிரம் முடிந்து மனசுக்குத் திருப்தி.

ராத்திரி மரமரப்பு உள்ளவர்கள் தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கும்படி ஒரு பட்டை போட்டுக்கொள்ள வேண்டும். மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. நம்புவீர்களோ மாட்டீர்களோ, ஆரம்ப நிலையில் தைலத்தைவிட இதற்குத்தான் பலன் அதிகம் என்று கண்டிருக்கிறேன்.

தைலமே வேண்டாமா என்றால், வேண்டும். வெறும் அசதிக்கும் சதை வலிக்கும் உளுந்துத் தைலத்தை இளஞ்சூடாக்கி, விரலிலிருந்து முழங்கை நோக்கி அழுத்தாமல் தடவி, கால் மணி கழித்து வெந்நீரில் கழுவினால் சுகமாக இருக்கும். நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டிக் கொடுக்கும் ஒத்தடமும் நல்லதே. ஆனால் ஒன்று, சூட்டை மரத்துப் போன கையால் சோதிக்கக் கூடாது. நல்ல கையின் புறங்கையிலோ, வீட்டில் வேறொருவரின் கையிலோ வைத்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் மரத்த கைக்கும் காலுக்கும் ஒத்தடமே வேண்டாம். இதை எழுதும்போது அந்தக் கொப்புளம் என் கண் முன்னால் நிற்கிறது. மணிக்கட்டைச் சுற்றி வர்மப் புள்ளிகள் உண்டு. 'அழுத்தி விட்டால் சரியாகும்' என்று யாராவது சொன்னால் கையை நீட்டிவிடாதீர்கள்.

கண்ணும், அடக்கக் கூடாத பதினான்கும்

நாற்பது வயது தாண்டினால் வெள்ளெழுத்து வரும். கண்ணாடி போட வெட்கப்பட்டு நூலைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் பின்னுபவர்களுக்குத் தலைவலி நிச்சயம். கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போடுங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து தோள் வழியாக நூலின் மேல் விழ வேண்டும். கறுப்பு, கருநீலம், மெரூன் நூல்களைப் பகல் வெளிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வழியே இருபது அடிக்கு அப்பால் எதையாவது இருபது விநாடி பாருங்கள். எதிர் வீட்டு முருங்கை மரமானாலும் சரி. ஒன்றையே உற்றுப் பார்க்கும்போது கண்ணைச் சிமிட்ட மறந்துவிடுகிறோம், அதனால்தான் எரிச்சல். பொன்னாங்கண்ணியும் முருங்கைக் கீரையும் வாரம் இரண்டு நாளாவது சாப்பாட்டில் இருக்கட்டும். ஆனால் கீரை சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம். பெண்கள் வெளியே சொல்லாதது. "இந்த வரிசையை முடிச்சுட்டு எந்திரிக்கலாம்" என்று சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை. சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்று வைத்திருக்கிறார்கள். சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, தும்மல், இருமல் எல்லாம் அதில் வரும். பின்னலில் உட்கார்ந்தால் இவற்றில் நாலைந்தையாவது அடக்குகிறோம். சிறுநீரை அடக்கி அடக்கி நீர்க்கடுப்போடு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர்ச் செம்பு பக்கத்தில் இருக்கட்டும். உடம்பு கூப்பிட்டால் பாதித் தையலிலேயே எழுந்து போங்கள். ஊசியில் மாட்டிய கண்ணி எங்கேயும் ஓடிவிடாது.

அந்தப் பதினான்கில் கண்ணீரும் ஒன்று. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மனசுக்கு என்ன செய்கிறது?

பிரிட்டிஷ் தொழில்வழிச் சிகிச்சை இதழ் ஒன்றில் 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. பின்னல் வேலை செய்யும் 3,545 பேரிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கினார்கள். அடிக்கடி பின்னுபவர்கள், அமைதியாகவும் சந்தோஷமாகவும் உணர்வதாக அதிகம் சொன்னார்கள். இதை வைத்துக்கொண்டு 'பின்னினால் மனநோய் தீரும்' என்று கிளம்பிவிடக் கூடாது. பின்னப் பிடித்தவர்களிடம்தானே கேட்டார்கள்? பிடிக்காமல் ஊசியைத் தூக்கி எறிந்தவர்கள் பதில் எழுதியிருக்க மாட்டார்கள். இருந்தாலும் என் கிளினிக் அனுபவத்தில் இதில் உண்மை இருக்கிறது. மனசு ஒரே கவலையை அரைத்துக்கொண்டிருக்கும்போது, எண்ணிக்கை அதற்குக் கடிவாளம் போடுகிறது.

எப்படி என்று செய்தே பாருங்களேன். டம்ளருக்கு அடியில் வைக்கிற ஒரு வட்டம். குரோஷா ஊசியால் ஐந்து சங்கிலி போட்டு, கடைசியை முதல் சங்கிலியோடு சேர்த்து வளையமாக்குங்கள். மேலே மூன்று சங்கிலி ஏற்றுங்கள். இது ஒரு தூண் கணக்கு. ஊசியில் ஒரு சுற்று நூல் சுற்றிக்கொண்டு போடும் உயரமான தையலைத்தான் தூண் என்கிறேன். பிரிட்டிஷ் புத்தகத்தில் இதை ட்ரெபிள் என்பார்கள், அமெரிக்கப் புத்தகத்தில் டபுள் குரோஷா என்பார்கள். யூ டியூப் பார்த்துக் கற்பவர்கள் குழம்புவது இங்கேதான். வளையத்துக்குள் இன்னும் 11 தூண் போட்டால் மொத்தம் 12. முதல் தூணோடு சேருங்கள். அடுத்த சுற்றில் நூலின் நிறத்தை மாற்றி, ஒவ்வொரு தூண் மேலும் இரண்டு. 24 வரும். மூன்றாவது சுற்றில் ஒன்றில் இரண்டு, அடுத்ததில் ஒன்று என்று மாறி மாறி. 36. வட்டம் தட்டையாகக் கிடக்கும். எண்ணிக்கை குறைந்தால் ஓரம் மேலே எழும்பிக் கிண்ணம் மாதிரி ஆகும். கூடினால் பாவாடைக் கொசுவம் மாதிரி அலை அலையாக நெளியும். 'மகன் ஏன் போன் பண்ணவில்லை' என்று மனசு ஓடினால் வட்டம் காட்டிக் கொடுத்துவிடும்! பிரித்து மறுபடி போடலாம், நஷ்டம் ஒன்றுமில்லை.

சிலருக்கு இந்த வேலை மனசைத் தளர்த்தாமல் முறுக்கிவிடும். 'தீபாவளிக்குள் முடிக்கணும்', 'அவங்க வீட்டுத் தோரணத்தைவிடப் பெரிசா போடணும்' என்று ஆரம்பித்தால் அது டென்ஷன்தான். ராத்திரி பன்னிரண்டு வரை கண் விழித்துப் பின்னினால் வாதமும் பித்தமும் கூடுமே தவிர அமைதி கூடாது.

நிறத்தால் நோய் தீரும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நிறத்துக்கு வேறொரு உபயோகம் உண்டு. கண்புரையோ பார்வைக் குறைவோ உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பாத்ரூம் கதவுக் கைப்பிடிக்குப் பளிச்சென்ற மஞ்சளில் ஓர் உறை பின்னிப் போடுங்கள். பழுப்புக் கதவில் மஞ்சள் சட்டென்று தெரியும். கைத்தடியின் பிடிக்கும் அப்படியே ஒன்று. அலங்காரமும் ஆச்சு, ஆதரவும் ஆச்சு.

வீட்டில் எங்கே வைக்கக் கூடாது?

கடையில் 'உல்லன்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் பெரும்பாலானது ஆட்டு ரோமம் இல்லை. அக்ரிலிக் என்ற செயற்கை இழை. தீ பட்டால் உருகி, எரிந்து, தோலில் ஒட்டிக்கொள்ளும். பூஜை அறையில் குத்துவிளக்குக்கு மேலே உல்லன் தோரணம் கட்டுவதும், சூடான பாத்திரம் பிடிக்க உல்லனில் கைப்பிடித் துணி பின்னுவதும் கூடவே கூடாது. அடுப்படிக்குப் பருத்தி நூல் மட்டும்தான். அதையும் தடிமனாகப் பின்னுங்கள்.

தரையில் போடும் மேட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மொசைக் தரையில், டைல்ஸில், பின்னிய மேட் சறுக்கு மரம் மாதிரி வழுக்கும். பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தால் மாதக் கணக்கில் படுக்கைதான். மேட் போட்டே ஆக வேண்டுமானால் அடியில் வழுக்காத ரப்பர் வலை வைத்துப் போடுங்கள். நடைபாதையில் போடவே வேண்டாம்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் தொட்டிலுக்கு மேலே உல்லன் குஞ்சம் கட்டுவது வழக்கம். குஞ்சத்திலிருந்து உதிரும் ஒரு தனி இழை, குழந்தையின் கால் விரலில் சுற்றி இறுகிவிடலாம். நூல் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. விரல் மட்டும் சிவந்து வீங்கும். குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழும். பசியும் இல்லை, வயிறும் உப்பவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் கை விரல், கால் விரல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். இழை இறுகியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். விரலே போய்விடும் ஆபத்து அது. பின்னிய பொம்மைக்குக் கண்ணாக மணியோ பட்டனோ தைப்பதும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வீட்டில் வேண்டாம். நூலாலேயே கண் போடுங்கள்.

தோரணத்தில் தூசி தங்கும். அந்தத் தூசி, இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. மாதம் ஒரு தடவை கழற்றி, ஷாம்பு மாதிரி மென்மையான சோப்பு நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்து, நிழலில் பரப்பிக் காய வையுங்கள். அக்ரிலிக் நூலில் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது. சிவப்புப் பருத்தி நூல் வாங்கினால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெள்ளையோடு சேர்த்துப் பின்னாதீர்கள்.

பின்னல் பிழைப்பான இடம்

பொழுதுபோக்காகப் பின்னும்போது அளவு நம் கையில் இருக்கிறது. பிழைப்புக்காகச் செய்யும்போது இருப்பதில்லை. எங்கள் தெற்கத்திச் சீமைக்கு இது தெரிந்த கதைதான். 19-ம் நூற்றாண்டில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரியின் மனைவி லேஸ் வேலையைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் மகள் எலிசாதான் 1844-ல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்து இடையன்குடிக்கு வந்தவர். லேஸும் அவரோடு இடையன்குடிக்கு வந்தது. அது தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. குரோஷா இல்லை. ஆனாலும் குனிந்த கழுத்தும் களைத்த கண்ணும் ஒன்றுதான். ஆந்திராவில் நர்சாபூர் பெண்கள் குரோஷா லேஸுக்குப் பேர் போனவர்கள். மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அவர்களைப் பற்றி 1982-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று பெயர் வைத்து, நாள் முழுக்க வேலை வாங்கி, அற்பக் கூலி கொடுத்ததை அதில் எழுதியிருக்கிறார்.

ஆர்டர் எடுத்துப் பின்னிக் கொடுக்கும் சகோதரிகள் இன்று நிறைய பேர். ஒரு தோரணத்துக்கு நூல் விலையை மட்டும் கணக்குப் பார்த்து விலை சொல்லாதீர்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விலை குறைவாக இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டத் தோன்றும். எண்ணிக்கை கூடினால் மணிக்கட்டு போகும். இதை ஒரு வைத்தியச் சீட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

ஆபரேஷன் வரைக்கும் போகவில்லை. நரம்பு டாக்டர் சோதித்துவிட்டு ஆரம்ப நிலைதான் என்றார். சர்க்கரைக்கு மாத்திரை, ராத்திரி மணிக்கட்டுப் பட்டை, ஒன்றரை மாதம் ஊசியைத் தொடக் கூடாது. அந்த ஒன்றரை மாதம்தான் கஷ்டமாக இருந்தது. மறுபடி தூக்கம் கெட்டது.

ஒரு நாள் கிளினிக்கில் யாரும் இல்லாத மத்தியான நேரமாக வந்தார். கையைக் காட்டினார், பரவாயில்லை. சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது, "ஊசி கையில இருந்தா அவங்க நெனப்பு வராது டாக்டரம்மா. அதான் விடாமப் போட்டேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதார். எட்டு மாதமும் அதற்கு மேல் ஆறு மாதமும் அடக்கி வைத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஃபேனைக் குறைத்துவிட்டு, தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். பதினான்கு வேகங்களைப் பாடமாக எத்தனையோ தடவை எழுதிப் பாஸ் செய்தவள் நான். இவரிடம் முதல் நாளே, "அழுதீங்களாம்மா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

இப்போது செல்போனில் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு பின்னுகிறார். சாயங்காலம் எதிர் வீட்டுப் பெண் ஒருத்திக்கும் சொல்லிக் கொடுக்கிறார். போன மாதம் வந்தபோது ஒரு பையைத் திறந்து பாதி முடிந்த தோரணத்தைக் காட்டினார். ஆரஞ்சும் வெள்ளையும், நடுவில் சின்னச் சின்னப் பச்சை இலை.

"எப்பம்மா முடியும்?" என்று கேட்டேன்.

"பேரன் காதுகுத்து தை மாசம். அதுக்குள்ள முடிஞ்சா சரி. முடியலைன்னா அடுத்த தையில கட்டிக்கிடலாம்" என்று சிரித்துக்கொண்டே பையை மூடினார்.